பரமசிவனுக்குப் பெண்பிள்ளை கிடையாது

ஆண்டியப்பன் வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் கங்காணி. மிச்சமிருக்கிற ஒரு நாள் பரமசிவன். இந்த இரண்டில் எது பெரிய உத்தியோகம் என்று யாராவது கேட்டிருந்தால், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பார்.

மலேசியாவின் கேமரன் மலையில் அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷனில் அம்மன் கோயில் திருவிழா என்றால் கடைசி நாள் அர்ச்சுனன் தபசு கூத்து. மற்ற ஊரில் கூத்து விடிய விடிய நடக்கும். இங்கே காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு வருஷம் ராத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். விடிவதற்குள் திரௌபதிக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டு, பீமசேனன் அவளைப் போர்வையில் சுற்றி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து பகல் கூத்துதான்.

கோயிலுக்கு முன்னால் முப்பது அடி உயரத்துக்குத் தைல மரம் ஒன்றை நட்டு, குறுக்கே கட்டைகள் அடித்து, உச்சியில் உட்காரப் பலகை வைத்திருப்பார்கள். அதுதான் தபசு மரம். அர்ச்சுனன் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு ஏறி, உச்சியில் தவம் இருப்பான். கீழே பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் ஓடையில் முழுகிவிட்டு ஈரச்சேலையோடு மடியேந்தி நிற்பார்கள். சிவன் வந்து வரம் கொடுத்ததும் அர்ச்சுனன் மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவான். எவள் மடியில் விழுகிறதோ அவளுக்கு அடுத்த வருஷம் தொட்டில். இதை நம்பாதவர்கள்கூட அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டுதான் நிற்பார்கள்.

ஆண்டியப்பனுக்குச் சிவன் வேஷம் பதினோராவது வருஷம். இடுப்பில் புலித்தோல், அதாவது மஞ்சள் கம்பளியில் கறுப்பு வரி போட்டது. கழுத்தில் பாம்பு, அதாவது தொழிற்சாலையில் வீணாய்ப் போன ரப்பர் குழாய். நெற்றிக்கண் மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு டார்ச்லைட் பல்பைச் சடைமுடிக்குள் பொருத்தி, வயரை முதுகு வழியாக இறக்கி, இடுப்பில் பேட்டரி கட்டியிருந்தார். சுவிட்ச் உள்ளங்கையில். அழுத்தினால் கண் திறக்கும்.

கையில் காப்புக் கட்டி முகத்தில் அரிதாரம் பூசிவிட்டால் அந்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அப்போது அவன் வாயிலிருந்து வருவது அவன் பேச்சில்லை, சாமி வாக்கு. இது அந்தத் தோட்டத்தின் கட்டுப்பாடு. இதை ஆண்டியப்பனைப்போல் நன்றாகப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை. போன வருஷம் அர்ச்சுனனுக்குப் பாசுபதாஸ்திரம் கொடுத்த கையோடு, பரமசிவன் பக்தர்களைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். கங்காணி வீட்டுக்குப் போகிற பாதை சேறும் சகதியுமாகக் கிடக்கிறது, அதில் கல் பாவிக் கொடுப்பவர்களுக்குக் கைலாசத்தில் இடம் உண்டு என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் ஓடையிலிருந்து கல் சுமந்தார்கள். அதில் இடுப்புப் பிடித்துக்கொண்ட ராமசாமி மட்டும், “கங்காணி, கல்லு போடச் சொன்னது சாமியா, நீங்களா?” என்று கேட்டுவிட்டார்.

“காப்புக் கட்டி நிக்கிறப்ப நான் ஏதுய்யா? பேசினது சாமி,” என்றார் ஆண்டியப்பன். பாதை இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிச் சொகுசாக இருந்த பரமசிவனுக்கு இந்த வருஷம், எழுபத்தாறில், ஒரு கவலை வந்து சேர்ந்தது. கவலையின் பெயர் காளியண்ணன். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்டுகிறவன். பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே டிவிஷன் லைன் வீட்டில். அவனுக்கும் ஆண்டியப்பனின் ஒரே மகள் அம்சவல்லிக்கும் மனசு ஒத்துப்போய், தை மாதம் அவன் வீட்டார் தாம்பாளத் தட்டோடு பெண் கேட்டு வந்தார்கள். ஆண்டியப்பன் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். லாரிக்காரன், மலையிறங்கும் தாப்பா ரோட்டு வளைவில் என்றைக்காவது உருண்டுவிடுவான் என்றார். இன்னொரு நாள் ஜாதகம் சரியில்லை என்றார். இன்னொரு நாள் பையனுக்குக் காது பெரிசு என்றார்.

உண்மைக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மணியம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் அப்பனும் மகளும் மட்டும். அவளும் போய்விட்டால் சாயந்திரம் கதவைத் திறந்து உள்ளே போகிறபோது, “வந்துட்டீங்களாப்பா?” என்று கேட்க ஆள் கிடையாது. இருநூறு பேரை மிரட்டி வேலை வாங்குகிற மனிதர் இதை எப்படி வெளியே சொல்வார்? தட்டு திரும்பிய நாளிலிருந்து அம்சவல்லி சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள். ஆனால் “அப்பா” என்கிற சொல்லை வாயிலிருந்து எடுத்தே மூன்று மாதம் ஆகிவிட்டது.

காளியண்ணன்தான் ஐந்து வருஷமாக அர்ச்சுனன். ஆண்டியப்பன் அவனை மாற்றப் பார்க்காமல் இல்லை. தோட்டத்துப் பையன் நாகரத்தினத்தை ஏறச் சொல்லிப் பார்த்தார். நாகரத்தினம் ஆறாவது கட்டையில் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். அவனை இறக்குவதற்குத் தொழிற்சாலையிலிருந்து ஏணி கொண்டுவந்தார்கள். கடைசியில் முட்டைக்கோஸ் மூட்டை மேலேயே ஏறி நடந்து பழகிய காளியண்ணனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவனும் மறுபேச்சில்லாமல் பதினெட்டு நாள் விரதம் இருந்து காப்புக் கட்டிக்கொண்டான். அப்போதே ஆண்டியப்பனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கூத்தன்று முன்கதைக் கட்டமெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு காளியண்ணன் மரம் ஏறினான். பாடினான், நன்றாகவே பாடினான். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் ஒன்பது பெண்கள் ஈரச்சேலையோடு நின்றார்கள். பரமசிவன் தேவியோடு எழுந்தருளினார். தேவி வேஷம் கட்டியிருந்தது தேயிலை நிறுக்கிற கொட்டகை நாகப்பன். கூட்டம் எழுந்து நின்று கும்பிட்டது.

“அர்ச்சுனா! உன் தவத்தை மெச்சினோம். வேண்டும் வரம் கேள்!” என்றார் பரமசிவன். ஒலிபெருக்கி அதை மூன்று மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது.

“சாமி, பாசுபதம் வேணாம்,” என்றான் மேலிருந்து காளியண்ணன். “அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? ஆண்டியப்பன் கங்காணி மக அம்சவல்லியை எனக்குக் கட்டிக் கொடுங்க. இந்த வரம் கிடைக்கிற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்.”

உடுக்கை நின்றது. மேளம் நின்றது. யாரோ ஒரு குழந்தை மட்டும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது. ஆண்டியப்பனுக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளங்கை தானாக மூடியது. நெற்றிக்கண் பளிச்சென்று திறந்தது.

“அரோகரா!” என்று முன்வரிசைப் பெண்கள் தடால் தடாலென்று விழுந்து கும்பிட்டார்கள்.

கட்டியங்காரன் வேஷத்தில் இருந்தவர் சின்னையா. கூத்தில் இடையிடையே வந்து கேலி பேசிக் கதையை நடத்துவது அவர் வேலை. கையில் மைக் இருந்தால் எமனே வந்தாலும் இடைமறிப்பார். “சாமி நெத்திக்கண்ணைத் தொறந்துட்டாரு! கோவமா, சம்மதமான்னு இன்னும் வெளங்கல. பக்தர்கள் கொஞ்சம் பொறுமையா இருங்க லா!” என்றார்.

ஆண்டியப்பன் யோசித்தார். ‘டேய் காளியண்ணா, இது கூத்துடா, இறங்குடா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எதிரே முதல் வரிசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராமசாமி உட்கார்ந்திருந்தார். இது கூத்து என்றால் போன வருஷம் கல் சுமக்கச் சொன்னதும் கூத்துதான். பாதையைப் பெயர்த்துக் கொண்டுவந்து தலையில் போட்டுவிடுவார்கள். சரி, வரம் கொடுத்துவிடலாம் என்றால் வீடு வெறிச்சோடிவிடும். இரண்டு பக்கமும் கதவு சாத்திக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவரே தன்னை மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

“அர்ச்சுனா! நமக்கு மூத்தவன் கணபதி. இளையவன் முருகன். இரண்டும் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளையே கிடையாதே! இல்லாத பெண்ணை எங்கே போய்த் தருவது?” என்றவர், பக்கத்தில் திரும்பி, “ஏன் தேவி, உனக்குத் தெரிந்து நமக்கு மகள் உண்டோ?” என்று கேட்டார்.

இப்படியொரு வசனம் வரும் என்று நாகப்பன் எதிர்பார்க்கவில்லை. “தெரியலீங்க கங்காணி,” என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “நான் கங்காணி பொண்ணைத்தானே சாமி கேக்குறேன்?” என்று மேலிருந்து கத்தினான் காளியண்ணன்.

“அது கங்காணியைக் கேட்க வேண்டிய விஷயம். அவன் யார், நாம் யார்? கைலாசத்துக்கும் கங்காணி வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் பரமசிவன். ராமசாமியே கைதட்டிவிட்டார். ஆண்டியப்பனுக்கு உச்சி குளிர்ந்து போனது. சூலத்தை ஒரு சுழற்றுச் சுழற்றி நட்டார்.

ஆனால் காளியண்ணன் இறங்கவில்லை. பலகையில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வரம் வாங்காமல் அர்ச்சுனன் இறங்கினால் அந்த வருஷம் தேயிலை துளிர்க்காது என்பது தோட்டத்து நம்பிக்கை. அதனால் இறங்கு என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. கால் மணி போனது, அரை மணி போனது. பனி கனத்துக்கொண்டே வந்தது. சின்னையாவுக்கே சொல்வதற்குக் கேலி தீர்ந்துபோய்விட்டது.

கடைசியில் வாயைத் திறந்தது மரத்தடியில் நின்ற வடிவம்மாள். லெம்பா பெர்த்தாமிலிருந்து விடியற்காலையே புறப்பட்டு வந்தவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஏந்திய மடியை இறக்காமலே அண்ணாந்து பார்த்தாள்.

“தம்பி, ஒங்க கல்யாணத்துக்கு நாங்க ஏன் நனைஞ்சுக்கிட்டு நிக்கணும்?” என்றாள். பல் தந்தியடித்தது. “நான் ஒங்களைப் பார்க்க வரல. அர்ச்சுனரைப் பார்க்க வந்தேன். அவரு இருந்தா பழத்தை வீசச் சொல்லுங்க. இல்லைன்னா சொல்லிடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்.”

காளியண்ணன் கண்ணைத் திறந்தான். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது அடி உயரத்தில் ஒருவன் வெட்கப்பட்டதைக் கீழே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் எழுந்து நின்று, வரத்துக்குக் காத்திராமலே துணிப்பையை அவிழ்த்து, பாட வேண்டிய பாட்டை ஒரு வரி விடாமல் பாடி, எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக வீசினான். முதல் பழம் வடிவம்மாள் மடியில்தான் விழுந்தது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து அங்கே அழாதவர்கள் குறைவு. பழம் வீசியவனும் அழுதான்.

“சாமி, நான் கேட்டது தப்பு. பாசுபதமே கொடுங்க, எறங்கிடுறேன்,” என்றான்.

ஆண்டியப்பன் ஜெயித்துவிட்டார். அம்பை எடுத்து நீட்டினால் எல்லாம் முடிந்தது. கையைத் தோளில் தொங்கிய அம்பறாத்தூணிக்குக் கொண்டுபோன நேரத்தில், பானகம் ஊற்றிக்கொண்டிருந்த அம்சவல்லி செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

முதலில் மேலே பார்த்தாள். “அர்ச்சுனரே, நான் என்ன வில்லா, அம்பா? மேல உக்காந்து கேட்டு வாங்கிட்டுப் போறதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க,” என்றாள். காளியண்ணன் பேசாமல் உட்கார்ந்தான்.

பிறகு பரமசிவன் முன்னால் வந்து மண்டியிட்டு, இரண்டு காலையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று மாதமாகப் பேசாத மகள்.

“சாமி,” என்றாள். “எங்கப்பா ஒருத்தர் இருக்காரு.”

சின்னையா மைக்கை நிறுத்தினார். அவர் வாழ்நாளில் தானாக மைக்கை நிறுத்தியது அந்த ஒரு தடவைதான்.

“தோட்டத்துல எல்லாருக்கும் அவரைக் கண்டா பயம் சாமி,” என்றாள் அம்சவல்லி, அவருக்கு மட்டும் கேட்கும்படி. “அவருக்கு என்ன பயம்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். எங்கம்மா போனதிலேர்ந்து ராத்திரி எந்திரிச்சு வந்து, நான் இருக்கேனான்னு கதவோரமா நின்னு பார்த்துட்டுப் போவாரு. நான் தூங்குற மாதிரியே படுத்துக் கெடப்பேன். லாரிங்கிறாரு, ஜாதகம்ங்கிறாரு, காதுங்கிறாரு, எல்லாம் பொய். தனியா இருக்க பயம். அதைச் சொல்லிட்டா நானே போக மாட்டேன்னு அவருக்குத் தெரியும். அதான் சொல்லவும் மாட்டேங்கிறாரு. என்னைக் கட்டிப் போட அவருக்கு மனசு இல்ல, விடவும் மனசு இல்ல. நல்லவரு சாமி. ஆனா யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க வேற, அவரு வேறன்னு இப்பத்தானே சொன்னீங்க? அவருக்கு ஒரு உத்தரவு போடுங்க.”

ஆண்டியப்பன் கழுத்துப் பாம்பைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறு வருஷமாகத் திருட்டுத்தனமாக வந்து பார்த்துவிட்டுப் போனது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இவளைப்போல் ஒரு மகள் தனக்கு எப்படிப் பிறந்தாள் என்று இருந்தது. கங்காணியாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு அதட்டல் போட்டுத் தப்பித்திருப்பார். பரமசிவனுக்கு அந்த வசதி இல்லை.

சின்னையாவைப் பார்த்துக் கையசைத்தார். ஒலிபெருக்கி கரகரவென்று உயிர் பெற்றது.

“ஆண்டியப்பன் என்கிற கங்காணிக்கு நாம் உத்தரவிடுகிறோம்!” குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. “வருகிற வைகாசியில் மகளைக் காளியண்ணனுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். மறுப்பானாகில் நம் நெற்றிக்கண்ணுக்கு ஆளாவான்!” சுவிட்சை அழுத்தினார். கண் எரியவில்லை. பேட்டரி ஏற்கெனவே தீர்ந்திருந்தது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “இன்னொன்று. மாதம் இரண்டு ஞாயிறு மகளும் மருமகனும் அந்தக் கங்காணி வீட்டில் வந்து சோறு தின்ன வேண்டும். இதுவும் நம் வாக்கு.”

“ஒவ்வொரு ஞாயிறும் வர்றோம் சாமி!” என்று உச்சியிலிருந்து குரல் வந்தது.

மறுநாள் காலை ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட வந்த ஆண்டியப்பனின் முகத்தில் ஒரு களைப்பு இருந்தது. அது அவருக்கு நன்றாகவே பொருந்தியது. “நேத்து எனக்கு என்னய்யா ஆச்சு?” என்று ராமசாமியைக் கேட்டார். “மேடைக்கு வந்த வரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒன்னுமே தெரியல. அருள் எறங்கிடுச்சு போல.”

பதினோரு வருஷத்தில் அவருக்கு அருள் வந்ததே கிடையாது. அது ராமசாமிக்கும் தெரியும், நின்றுகொண்டிருந்த இருநூறு பேருக்கும் தெரியும். ராமசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இடுப்பை ஒரு தடவை தடவிக்கொண்டார். பழி தீர்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

“ஆமாங்க கங்காணி. அப்படியொரு அருளை நாங்க பார்த்ததே இல்ல,” என்றார். பிறகு சாமி சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை எடுத்துச் சொன்னார். விட்டுப்போனதை மற்றவர்கள் சொன்னார்கள். ஆண்டியப்பன் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெருமூச்சு விட்டு, “சாமியே சொல்லிட்டா நான் என்ன பண்றது?” என்றார். அது வேஷமா, நிஜமா என்று அந்தத் தோட்டத்தில் ஒருவரும் ஆராயவில்லை. நடிக்கத் தெரிந்தவனுக்குத்தானே சாமி வாய் கொடுக்கும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

சாயந்திரம் வீட்டுக்குப் போனார். “வந்துட்டீங்களாப்பா?” என்றாள் அம்சவல்லி. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தேத்தண்ணியை வாங்கி, ஊதி, குடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“சாமிகிட்ட நீ என்னமோ தனியா சொன்னியாமே? மைக்கை நிறுத்திட்டானாம், ஒருத்தருக்கும் கேக்கலைங்கிறானுங்க.”

“அது எனக்கும் சாமிக்கும் உள்ளது. ஒங்களுக்கு எதுக்குப்பா?”

தனக்கே தெரியும் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி, அதுக்கு சாமி என்ன சொல்லிச்சு?”

“ஒன்னும் சொல்லலப்பா. அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுதுச்சு.”

சாமி எங்கேயாவது அழுமா என்று கேட்பதற்கு அவர் வாயெடுத்தார். வந்தது வேறு. “நீ?”

“நானுந்தான்,” என்றாள் அம்சவல்லி. தேத்தண்ணி ஆறிப்போகிற வரைக்கும் அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.